ஆட்டுக்குட்டி விற்ற காசில் ஒரு ரோபோ கை!

போட்டிக்கு ரோபோ செய்யப்போகும் பிள்ளைக்கு விவசாயப் பெற்றோர் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? தூத்துக்குடி மாவட்ட வேளாண்மை அலுவலர் ஒருவரின் அனுபவம்.

போன மாதம் எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி இதழுக்குக் கடிதம் எழுதியிருந்தார். உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரி விவசாயி. ஆனால், கேள்வி பயிரைப் பற்றியது அல்ல. ‘என் மகன் 9-ம் வகுப்பு படிக்கிறான். ரோபோ போட்டிக்குப் போகணும், பொருளைத் தூக்குற கை ஒண்ணு செய்யணும், 6,000 ரூபாய் வேணும்னு கேட்கிறான். அந்தக் காசுக்கு நாலு மூட்டை டி.ஏ.பி. வாங்கினாலும் மிச்சம் இருக்கும். கொடுக்கலாமா, வேண்டாமா? இதனால விவசாயத்துக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?’ என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுங்கள். ஆனால், 6,000 ரூபாய் தேவையில்லை. 2,000 ரூபாய் சுற்றளவில் முடித்துவிடலாம். பணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு காயை எங்கே பிடித்தால் நிற்கும், எங்கே பிடித்தால் நசுங்கும் என்று உங்கள் கைக்குத் தெரியுமே, அந்த அனுபவத்தைத்தான் சொல்கிறேன். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. இதை நான் ஒரு தவறு செய்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

தக்காளி விழுந்த நாள்

சில வருடங்களுக்கு முன்பு, தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இருக்கும் ஒரு பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிகளுக்கு இடையே ரோபோ போட்டி. குட்டையான பி.வி.சி. குழாய்த் துண்டுகள் மேல் 5 தக்காளிகளை வைத்திருப்பார்கள். 3 நிமிடத்துக்குள் ரோபோ கை அவற்றை எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும். ‘விவசாயம் சம்பந்தப்பட்ட தலைப்பு, நீங்கள் வந்து பாருங்கள்’ என்றார் ஆசிரியர்.

மூன்று மாணவர்கள். அதில் ஒரு பையனின் அம்மா வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். ‘‘ஒரு கிடாக்குட்டியை வித்துக் கொடுத்தேன் சார். படிப்புக்குன்னு கேட்டான், மறுக்க முடியலை’’ என்றார். அந்தக் காசில் கடையில் கிடைக்கும் அலுமினிய இடுக்கியும், சிறிய மோட்டார்களும், ஆர்டுயினோ போர்டும் வாங்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் பந்தை அழகாகத் தூக்கியது. தக்காளியைக் கொடுத்தால் வழுக்கி விழுந்தது.

பார்த்தவுடன் நான் சொன்னேன்: ‘‘மோட்டார் பத்தலை தம்பி. பெருசா வாங்கிப் போடுங்க.’’

கிணற்றில் தண்ணீர் எடுக்கவில்லை என்றால், ஃபுட் வால்வையும் குழாயையும் பார்க்காமல் ‘ஹெச்.பி-யைக் கூட்டு’ என்று சொல்பவர்களை நானே எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். அதே தவறைத்தான் நானும் செய்தேன். இன்னொரு 800 ரூபாய் செலவானது.

போட்டி நாளில் முதல் தக்காளியை இடுக்கி பிடித்தது. பிடித்த பிடியில் அது நசுங்கியது. இரண்டாவதைப் பிடித்தது, தூக்க முடியாமல் கையே கீழே தொங்கியது. பிறகு போர்டு தானாக அணைந்து அணைந்து எரிந்தது. 3 நிமிடம் முடிந்தபோது தட்டில் ஒரு தக்காளிகூட இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயலைப் பார்க்காமல் மருந்து எழுதிக்கொடுத்தவன் போல நின்றேன்.

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூன்று பேருடனும் உட்கார்ந்தேன். நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பொருள், பிறகுதான் மோட்டார்

மாணவர்கள் பொதுவாக மோட்டாரில் இருந்து தொடங்குகிறார்கள். பிடிக்க வேண்டிய பொருளில் இருந்து தொடங்க வேண்டும். நிலத்தைப் பார்த்துத்தானே ரகத்தைத் தேர்வு செய்கிறோம்?

ஒரு கிலோ தக்காளி வாங்கி, ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தோம். பெரியது 100 கிராம், சிறியது அதில் பாதி. அகலத்தை அளந்தோம். எங்கே அழுத்தினால் குழி விழுகிறது, காம்புப் பக்கம் எப்படி, அடிப்பக்கம் எப்படி என்று கையாலேயே பார்த்தோம். அப்போது அந்த அம்மாதான் சொன்னார்: ‘‘நாங்க தக்காளியை எங்க சார் அமுக்கிப் பிடிக்கிறோம்? அடியில கையைக் கொடுத்து ஏந்துறோம், விழாம இருக்கப் பெருவிரலை மேல வைக்கிறோம். அவ்வளவுதான்.’’

பாதி வேலை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

நம் கடற்கரையில் நான்கு பாடங்கள்

பொருளைப் பிடிக்கும் வித்தையைப் படிக்கத் தூத்துக்குடியைவிட நல்ல இடம் இல்லை.

நண்டுக் கொடுக்கு: அடுத்த முறை நண்டு வாங்கும்போது கொடுக்கைக் கவனியுங்கள். இரண்டு விரலும் அசைவதுபோலத் தெரியும். உண்மையில் ஒன்று மட்டுமே அசையும். மற்றது கையோடு சேர்ந்த, அசையாத விரல். கொடுக்குக்குள் மூடும் தசை பெரியது, திறக்கும் தசை சிறியது. ஏனென்றால், பலம் தேவைப்படுவது மூடுவதற்குத்தான். பாக்குவெட்டியிலும் அப்படித்தான் ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் வேலை செய்கிறது. ஒரே மோட்டாரின் பலத்தைப் பல்சக்கரம் வைத்து இரண்டு விரலுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிதான் கிடைக்கும். ஒரு விரலை நிறுத்தி வைத்தால் முழுப்பலமும் ஒரு விரலுக்கே வரும்.

நிலக்கரி அள்ளும் கிராப்: வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி அள்ளும் இரட்டைத் தாடை கிராப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது கரியை இறுக்கிப் பிடிப்பதில்லை. இரண்டு தாடையும் அடியில் வந்து சேர்ந்து தொட்டியாக மாறிவிடுகிறது. பாரம் தொட்டியின் அடியில் உட்காருகிறது. அந்த அம்மா சொன்ன ‘ஏந்தல்’ இதுதான்.

கன்டெய்னர் பூட்டு: 30 டன் எடையுள்ள பெட்டியைக் கிரேன் எப்படித் தூக்குகிறது? இரண்டு பக்கமும் நெருக்கி அல்ல. பெட்டியின் மேல் நான்கு மூலைகளிலும் துளை இருக்கும். கிரேன் சட்டத்தில் உள்ள நான்கு பூட்டுகள் அந்தத் துளைக்குள் இறங்கி 90 டிகிரி திரும்பும். பிறகு கழன்று வராது. பொருளில் துளையோ, விளிம்போ, காம்போ இருந்தால் நெருக்கிப் பிடிப்பதைவிட மாட்டித் தூக்குவதே சுலபம்.

மீன் துடுப்பு: மீன் மார்க்கெட்டில் ஒரு மீனின் வால் துடுப்பைப் பக்கவாட்டில் விரலால் அழுத்திப் பாருங்கள். அது விலகிப் போகாமல், அழுத்தும் விரலை நோக்கியே வளைந்து வரும். இந்தக் குணத்தை வைத்து ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் ரோபோ விரலே செய்திருக்கிறது. முக்கோண வடிவில் வளையும் இரண்டு பட்டைகள், நடுவே ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள். காயைத் தொட்டதும் விரல் காயின் வடிவத்துக்கே வளைந்துகொள்ளும். மாணவர்கள் இதை வளையும் பிளாஸ்டிக் பட்டையில் செய்து பார்க்கலாம்.

கொஞ்சம் கணக்கு

மோட்டார் வாங்கும்போது ‘டார்க்’ என்று ஓர் எண் சொல்வார்கள். சின்ன சர்வோ மோட்டார், அதாவது கடையில் எஸ்.ஜி.90 என்று கேட்டால் தருவது, 9 கிராம் எடை, டார்க் 1.8 கிலோ-செ.மீ. அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 1.8 கிலோ அழுத்தும் என்று பொருள். தூரம் கூடினால் பலம் குறையும். 4 செ.மீ. தூரத்தில் 450 கிராம்தான். அதுவும் மோட்டார் முக்கித் திணறி நிற்கும்போது வரும் பலம். பாதியைத்தான் நம்ப வேண்டும்: சுமார் 225 கிராம்.

100 கிராம் தக்காளியைப் பக்கவாட்டில் பிடிக்க எவ்வளவு அழுத்தம் தேவை? விரலில் சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டியிருந்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 100 கிராம். கை ஆடும், குலுங்கும் என்பதால் இரண்டு மடங்கு, 200 கிராம் என்று வையுங்கள். வழவழப்பான அலுமினியம் என்றால் 500 கிராம்வரை போகும். அந்த அழுத்தத்தில்தான் தோல் கிழிகிறது. ஒரு துண்டு டியூப் ரப்பர், பெரிய மோட்டார் செய்யாத வேலையைச் செய்துவிடுகிறது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். எம்.ஜி.996 என்ற பெரிய சர்வோ 55 கிராம் எடை. அதைத் தாங்கும் சட்டமும் கனம். அதை 25 செ.மீ. நீளக் கையின் நுனியில் மாட்டினால், தோள்பட்டையில் இருக்கும் மோட்டார் தக்காளியோடு அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள், நுனியில் கூடும் ஒரு படி பாரம் அடியில் எப்படித் தெரியும் என்று. நுனியில் எடையைக் குறைக்க வேண்டும். பலம் வேண்டுமானால் அடியில் வைக்க வேண்டும்.

போர்டு அணைந்து எரிந்ததற்கும் காரணம் இதுதான். அந்தப் பெரிய சர்வோ திணறும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைப் போர்டிலிருந்தே எடுத்தால், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் நம் வீட்டு பல்பு மங்குவதுபோல, போர்டு மின்சாரம் இல்லாமல் அணைந்துவிடும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள். போர்டின் கிரவுண்டு வயரையும் பேட்டரியின் மைனஸ் வயரையும் மட்டும் இணையுங்கள்.

கடைசியில் நாங்கள் செய்தது

கடையில் வாங்கிய அலுமினிய இடுக்கியை ஓரமாக வைத்துவிட்டோம். கீழ் விரல், சைக்கிள் போக்ஸ் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்த கவை. குழாய்த் துண்டின் இரண்டு பக்கமும் நுழைந்து, தக்காளியின் அடியில் போய் நிற்கும், அசையாது. மேல் விரல், மெல்லிய அலுமினியப் பட்டை. உள்பக்கம் டியூப் ரப்பர். அதைச் சின்ன சர்வோ ஒன்று இறக்கும். மோட்டாருக்கும் விரலுக்கும் நடுவே ஒரு ரப்பர் பேண்டு. காய் பெரிதாக இருந்தால் ரப்பர் இழுபடும். காய் நசுங்காது, மோட்டாரும் திணறிச் சூடாகாது.

நாங்கள் வாங்கிய விலையைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

* ஆர்டுயினோ வகை போர்டு – 450 ரூபாய்
* சின்ன சர்வோ 2 (ஒன்று மாற்றுக்கு) – 250 ரூபாய்
* பெரிய சர்வோ 2 (தோளுக்கும் அடிப்பாகத்துக்கும்) – 750 ரூபாய்
* ரீசார்ஜ் பேட்டரி 4, பேட்டரி பெட்டி – 400 ரூபாய்
* வயர், திருகாணி, அலுமினியப் பட்டை – 200 ரூபாய்
* டியூப், போக்ஸ் கம்பி – சைக்கிள் கடையில் சும்மாவே கொடுத்தார்கள்

மொத்தம் 2,050 ரூபாய். இதில் இடுக்கிக்கு மட்டும் ஆன செலவு 300 ரூபாய்கூட இல்லை. பழைய லேப்டாப்பில் கழற்றிய லித்தியம் செல்களை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும்.

அடுத்த வருடப் போட்டியில் 5-ல் 4 தக்காளி தட்டுக்கு வந்தது. பரிசு கிடைக்கவில்லை, நான்காம் இடம்தான். ‘‘குட்டி காசு வீணாப் போகலை சார்’’ என்று அந்த அம்மா சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

உலகப் போட்டியிலும் நெல்லும் பதரும்

இது ஏதோ விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஆசிய-பசிபிக் ஒளிபரப்பு ஒன்றியம் 2002 முதல் கல்லூரி மாணவர்களுக்கு ‘ரோபோகான்’ போட்டி நடத்துகிறது. முதல் போட்டி டோக்கியோவில். 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டின் புனேயில் நடந்தது. 2024-ல் வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் நடந்த போட்டியின் தலைப்பே ‘அறுவடை நாள்’. மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களை மனதில் வைத்து ஆடுகளம் அமைத்தார்கள். ரோபோ நாற்றை எடுத்து நட வேண்டும். நெல் என்று வைத்த பந்துகளை எடுத்துக் குதிரில் போட வேண்டும். பதர் என்று வைத்த பந்துகளை ஒதுக்க வேண்டும். அந்த மேடையில் நம் வீட்டுப் பிள்ளை நின்றால், நாற்று என்றால் என்ன, பதர் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் இ-யந்திரா போட்டியிலும் விவசாய வேலைகள் தலைப்பாக வந்திருக்கின்றன. பள்ளி அளவில், மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் நாடு முழுவதும் சுமார் 10,000 பள்ளிகளில் உள்ளன. 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு உரியவை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஆய்வகம் இருந்தால் போர்டும் மோட்டாரும் அங்கேயே இருக்கும். காசு கொடுப்பதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

விவசாயத்துக்கு என்ன லாபம்?

கடிதம் எழுதியவரின் இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த 2,000 ரூபாய்க் கை நாளை உங்கள் வயலில் இறங்கித் தக்காளி பறிக்காது. குழாய்த் துண்டின் மேல் வைத்த தக்காளி வேறு. இலைக்குள் மறைந்து, காற்றில் ஆடும் தக்காளி வேறு. பழுத்ததா, காயா என்று பார்ப்பதும், தொட்டு உணர்வதும் இயந்திரத்துக்கு இன்னும் கடினமான வேலைகள். இந்தக் கடலில் 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோதும் மனிதக் கைதான் அடியில் இறங்கிச் சிப்பியைப் பொறுக்கியது. கையின் அறிவு அவ்வளவு சுலபத்தில் இரும்புக்கு வராது.

ஆனால், பறிப்புக்கு ஆள் கிடைக்காத கஷ்டத்தை அனுபவித்து வளர்ந்த பிள்ளை, பிடிக்கும் கருவியின் கணக்கையும் தெரிந்துகொண்டால் நமக்கு ஏற்ற கருவியை அவன்தான் செய்வான். வேறு நாட்டில், வேறு பயிருக்குச் செய்த இயந்திரத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் மாட்டான்.

வாசகர் கேள்விகள்

‘எலுமிச்சை பறிக்கும்போது முள் குத்துகிறது. இந்த இடுக்கி முறையில் கம்பு ஒன்று செய்ய முடியுமா?’ – சாத்தான்குளம் பகுதி வாசகர்

முடியும், மோட்டாரே வேண்டாம். 6 அடி அலுமினியக் குழாயின் அடியில் சைக்கிள் பிரேக் பிடியை மாட்டுங்கள். பிரேக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு, நுனியில் இருக்கும் ஒரு விரலை இழுக்கச் செய்யுங்கள். மற்ற விரல் அசையாமல் இருக்கட்டும். திறப்பதற்குச் சிறிய ஸ்பிரிங். விரலுக்கு மேல் சிறிய வெட்டுக்கத்தி வைத்துக் காம்போடு வெட்டுவது நல்லது. பிடித்து இழுத்தால் காம்பு இருந்த இடத்தில் தோல் கிழிந்து, பழம் சீக்கிரம் அழுகும்.

‘எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆய்வகம் இல்லை. மகள் 7-ம் வகுப்பு. எதிலிருந்து தொடங்கலாம்?’ – விளாத்திகுளம் பகுதி வாசகி

ஊசியில்லாத புதிய சிரிஞ்சு இரண்டு, ஒரு முழம் மெல்லிய டியூப், கொஞ்சம் அட்டை, ஐஸ் குச்சி. 100 ரூபாய்க்குள் முடியும். டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரண்டு சிரிஞ்சையும் இணையுங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது நீளும். அது குச்சி விரலைத் தள்ளி மூடும். 5 மி.லி. சிரிஞ்சை அழுத்தி, மறுமுனையில் 10 மி.லி. வைத்தால் பலம் கூடும், நகரும் தூரம் குறையும். டிராக்டர் ஹைட்ராலிக் வேலை செய்வதும் இதே விதிப்படிதான். இதைச் செய்து பார்த்துவிட்டு மோட்டாருக்குப் போகட்டும்.

‘வாழைத்தார் வெட்டி இறக்க மாணவர்கள் செய்யும் ரோபோ உதவுமா?’ – ஏரல் பகுதி வாசகர்

இப்போதைக்கு உதவாது. தார் 10 கிலோவுக்கு மேல் இருக்கும். மேலே சொன்ன சர்வோக்கள் எதுவும் தாங்காது. ஆனால், தாரை ஏந்தி இறக்கும் கொக்கியையும் தொட்டிலையும் மாதிரியாகச் செய்து பார்க்கலாம். பிள்ளை அப்படி ஏதாவது தொடங்கினால், முதலில் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், தார் வெட்டுபவர் ஒரு கையால் எங்கே பிடிக்கிறார் என்று காட்டுங்கள். அளவெடுக்க வேண்டிய இடம் அதுதான்.